வரி கட்டாதவன் எவன்?

"தோட்டத்துக்காரன் என்றைக்கு ஐயா வரி கட்டினான்?" என்னும் கேள்வியைக் கெடா மாநிலத்து நகரங்களில் வாழும் நம்மவர் வாயிலிருந்தே அடிக்கடி கேட்கிறோம். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் கடை வைத்திருப்பவரும், அலுவலகத்தில் பணியாற்றி மாதச் சம்பளத்தில் வரிப்பிடித்தம் காண்பவரும், தம் தந்தையார் பால்மரம் சீவிய கையால் தம்மைப் படிக்கவைத்தார் என்பதை மறந்து, இக்கேள்வியை எழுப்புகின்றனர். கோயில் கூட்டங்களிலும் திருமண மண்டபங்களிலும் இது நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது; கேட்போரும் சிரிக்கின்றனர். இது சிரித்துவிட்டுப் போகத்தக்க சொல் அன்று. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இதனினும் பெரிய பொய் நம்மிடையே வழங்கவில்லை என்பது விளங்கும். இந்நாட்டில் முதலாளி தம் வருமானத்துக்கு வரி செலுத்தத் தொடங்குவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே தோட்டத் தமிழன் வரி செலுத்தத் தொடங்கிவிட்டான். அவன் செலுத்தியதற்கு ரசீது மட்டும் கிடைக்கவில்லை.

தமிழாசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் மாணவர்க்கு வரியைப் பற்றித்தான் பாடம் நடத்துகிறோம். ஆனால் அது வரியைப் பற்றிய பாடம் என்று நாமே உணர்வதில்லை. புறநானூற்றின் 184-ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு எடுத்துரைப்பது வேறு என்ன? விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலுக்குள் புகுந்தால், பெருநிலமாயினும் அதன் வயிற்றுக்குப் போவதைவிடக் காலடியில் அழிவது மிகுதியாகும். அளந்து, அறிந்து, முறைப்படி வாங்கும் வரி வேறு. குடியின் வாழ்வுக்குள் புகுந்து மிதிக்கும் வரி வேறு. இவ்வளவு தெளிவாக வரிக்கொள்கை கூறிய பாட்டை நாம் உவமை அணிக்கு எடுத்துக்காட்டாக நடத்திவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த யானை கெடாவின் தோட்டங்களுக்குள் எவ்வாறு புகுந்தது என்பதைச் சற்றே பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெடா அரசு கடன் சுமையில் ஆழ்ந்திருந்தது. 1905-இல் சயாம் அரசு 26 இலட்சம் வெள்ளி கடன் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு நிதி ஆலோசகரையும் அனுப்பிவைத்தது. 1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின்படி கெடா பிரிட்டிஷாரின் ஆதிக்கத்துக்குள் வந்தது. அக்காலத்தில் அரசின் பெட்டி எவ்வாறு நிரம்பியது? செல்வரின் வருமானத்தைக் கணக்கிட்டு அன்று. அபின், சூதாட்டம், மது ஆகியவற்றின் வரி உரிமை குத்தகைக்கு விடப்பட்டது, குத்தகைக்காரர் வசூலித்தார். பின்னர் அபின் விற்பனையை அரசாங்கமே ஏற்று நடத்தியது. சீனத் தொழிலாளியின் அபின் குழலிலிருந்தும் தமிழ்த் தொழிலாளியின் கள்ளுக் கலயத்திலிருந்தும் சாலையும் பாலமும் கச்சேரியும் எழுந்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

வருமான வரி என்னும் பேச்சு எழுந்தபோதெல்லாம் என்ன நடந்தது? 1910-ஆம் ஆண்டளவில் நீரிணைக் குடியேற்றப் பகுதியில் அத்தகைய சட்டம் கொண்டுவர முயன்றபோது வணிகர் கொதித்தெழுந்தனர், முயற்சி கைவிடப்பட்டது. முதல் உலகப் போரின்போது 'போர்வரி' என்னும் பெயரால் அது சில காலம் வந்தது. போர் ஓய்ந்தபின் போய்விட்டது. ரப்பர் விலை ஏறி, இலண்டனில் பங்குதாரர்கள் பெரும் ஆதாயம் பெற்ற ஆண்டுகளில்கூட இம்மண்ணில் அவர்களின் இலாபத்துக்கு நிலையான வருமான வரி இல்லை.

இனிக் கள்ளுக்கடைக்கு வருவோம். தோட்டத்தில் கள்ளுக்கடை இயல்பாக முளைத்த காளான் அன்று. அரசாங்க உரிமத்தோடு, நிருவாகத்தின் மேற்பார்வையில், லயங்களுக்குக் கூப்பிடு தொலைவில் அது வைக்கப்பட்டது. நகரங்களிலோ அரசாங்கமே கள்ளுக்கடை நடத்தியது. உரிமக் கட்டணமும் தீர்வையும் அரசாங்கத்துக்குச் சென்றன. கடையில் மிஞ்சிய இலாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளர் நலத்துக்குச் செலவிட்டோம் என்று பெருமையடித்துக்கொண்ட நிருவாகங்களும் உண்டு. குடிக்க வைத்த காசில் பந்து வாங்கிக் கொடுத்து, அதனை நலத்திட்டம் என்று ஆண்டறிக்கையில் எழுதும் துணிவை என்னென்பது! சம்பள நாளன்று கையில் வாங்கிய காசு அன்று மாலையே எந்தக் கல்லாவில் விழுந்தது என்பதை அத்தோட்டங்களில் பிறந்த எவரும் அறிவர். அரசுக்குக் கிடைத்த தீர்வையோ சில காசு. குடும்பம் இழந்ததோ அரிசியும் பிள்ளையின் படிப்பும் மனைவியின் நிம்மதியும். பிசிராந்தையார் கூறிய காலடி இதுதான்.

இந்த யானையை வயலிலிருந்து விரட்ட எழுந்தவர்கள் கெடாத் தமிழர்களே. இரண்டாம் உலகப் போருக்குப்பின், இன்று ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்து நிற்கும் அதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. கள்ளை ஒழிப்பதும் தோட்டத் தமிழனைத் தலைநிமிர்ந்து நிற்கச் செய்வதும் அதன் முதற்குறிக்கோள்கள். தொண்டர்கள் கள்ளுக்கடைகளின்முன் நின்று மறியல் செய்தனர். 1947-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அப்போராட்டத்தின்மீது காவல்துறை பாய்ந்தது. உயிர் பறிபோயிற்று, பலர் சிறைக்குச் சென்றனர். நம் வரலாற்று ஆசிரியர்கள் இதனை ஒழுக்கப் போராட்டம் என்றும் தொழிற்சங்கப் போராட்டம் என்றும் எழுதியுள்ளனர். இரண்டும் உண்மையே. ஆயினும் மூன்றாவது ஒன்றும் உண்டு: அது ஒரு வரிமறுப்புப் போராட்டம்.

அதே 1947-ஆம் ஆண்டில் மற்றொரு வரிமறுப்பும் நடந்தது. பிரிட்டனிலிருந்து வந்த வருமான வரி வல்லுநர் ஹீஸ்மன் என்பவரின் அறிக்கையை ஒட்டி, மலாயாவில் வருமான வரிச் சட்டம் கொண்டுவர அரசு முனைந்தது. நிறுவனங்களின் இலாபத்துக்கு 20 விழுக்காடு வரி. வணிகர் சங்கங்களும் தோட்ட முதலாளிகளின் நண்பர்களும் மன்றத்தில் ஒருமித்து எதிர்த்தனர். நாடு அழிந்துவிடும், முதல் ஓடிவிடும் என்றெல்லாம் முழங்கினர். இறுதியில் ஆளுநர் எட்வர்ட் ஜென்ட் தமது தனியதிகாரத்தைப் பயன்படுத்தியே சட்டத்தை நிறைவேற்ற நேர்ந்தது. 1948 முதல் வரி நடைமுறைக்கு வந்தது. இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு வரியை மறுத்தவர்கள் மன்றத்தில் நாற்காலியில் அமர்ந்து உரையாற்றினர். அவர்கள்மீது எவரும் தடியை ஓங்கவில்லை. கலயத்து வரியை மறுத்தவர்கள் பீடோங் சாலையில் அடிபட்டனர். ஒரே ஆண்டு, ஒரே நாடு, ஒரே அரசு.

கள்ளுத்தீர்வை மட்டுமா? 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடிநுழைவு நிதி எனப் பெயர் பெற்றது. தோட்டத்தில் தென்னிந்தியத் தொழிலாளி வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு, அதற்கேற்ப முதலாளியிடம் கட்டணம் வசூலிக்கப்பட்டது. முதலாளி கட்டியதுதானே, தமிழனுக்கு என்ன என்று கேட்கலாம். அந்தப் பணம் எதற்குச் செலவாயிற்று என்பதில்தான் விடை இருக்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து மேலும் மேலும் தமிழரைக் கப்பலேற்றிக் கொண்டுவர அது செலவாயிற்று. ஆள் மலிந்தால் கூலி மலியும் என்பது கிராணிக்குக்கூடத் தெரிந்த கணக்கு. ஆக, இங்கிருந்த தமிழனின் உழைப்பு நாளை எண்ணி வாங்கிய காசு அவன் கூலியை உயரவிடாமல் அழுத்தப் பயன்பட்டது. மெலிந்தோரையும் முதியோரையும் திருப்பி அனுப்பவும் ஆதரவற்றோரைப் பேணவும் அதில் ஒரு பகுதி செலவானதை மறுப்பதற்கில்லை. 1958-இல் அதன் எச்சம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. 1999-இல் அந்த நிதியும் சட்டப்படி கலைக்கப்பட்டு, சொத்து அரசாங்கத்துக்குச் சேர்ந்தது. நம்மில் எத்தனை பேர் அன்று அதன் கணக்கைக் கேட்டோம்?

ரப்பர் மறுநடவு வரியும் இத்தகையதே. ஐம்பதுகளில் ஏற்றுமதியான ஒவ்வொரு இராத்தல் ரப்பருக்கும் நான்கரைக் காசு பிடிக்கப்பட்டது. தோட்டங்களிடம் பிடித்தது மறுநடவுக்கென்று தோட்டங்களுக்கே திரும்பியது. சிறுதோட்டக்காரரின் பங்கு தனி நிதியில் வைக்கப்பட்டது. பழைய மரத்தை வெட்டிப் புதுமரம் நட்டு அது பால் தரும்வரை முதலாளியின் நட்டத்தை அந்நிதி ஈடுசெய்தது. மரம் வெட்டப்பட்டதால் வெட்டுக்கு ஆள் குறைக்கப்பட்ட தொழிலாளியை எந்த நிதி ஈடுசெய்தது? மரத்துக்கு ஓய்வூதியம் கண்ட நாடு மனிதனுக்குக் காண மறந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் என்பதை ஈண்டு நினைவுகூர வேண்டும். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தில் 1961-இல் அது வாங்கப்பட்டது. அதுவரை வரியின் ஊற்றாக மட்டும் இருந்தவன் அன்றுதான் இலாபத்தின் பங்காளியும் ஆனான். கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர்க்கு வழங்கும் பங்காதாயத்துக்கு வருமான வரிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. இந்தச் சலுகையைப் பயன்படுத்தி இன்னும் பத்துச் சங்கங்களை நம் படித்த இளைஞர்கள் வளர்த்திருக்க வேண்டாமா?

இன்றைய நிலை என்ன? தோட்டங்களில் தமிழர் குறைந்துவிட்டனர். நகரோரத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்து ஆலைகளுக்குப் போகின்றனர். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. அச்சம்பளக்காரர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஆயினும் அவர் வரி கட்டாதவர் அல்லர். 2015 ஏப்ரல் முதல் 2018 மே வரை 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அவர் ரசீதில் அச்சாகியே வந்தது. அது போனபின் வந்த விற்பனை வரி உற்பத்தியிடத்திலும் துறைமுகத்திலும் விலையோடு கலந்துவிடுவதால் ரசீதில் தெரிவதில்லை. தெரியாத வரி இல்லாத வரி ஆகுமா? சிகரெட்டுக்கு ஒவ்வொரு குச்சிக்கும் தீர்வை உண்டு. 2019 ஜூலை முதல் இனிப்புப் பானத்துக்கும் உண்டு. உடல்நலம் கருதி விதித்த தீர்வையை நான் குறைகூறவில்லை. அதைக் கட்டுபவனைப் பார்த்து 'நீ வரி கட்டாதவன்' என்று சொல்லும் வாயைத்தான் குறைகூறுகிறேன்.

மறுபுறம், ஆதாயத்தின்மீதான வரியை நோக்குவோம். கூலிம் வட்டாரத்தில், ரப்பரும் செம்பனையும் ஓங்கிநின்ற சூழலில், 1996-இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா தொடங்கப்பெற்றது. நம் பிள்ளைகள் பலர் அங்கு வேலை பார்க்கின்றனர், அது நன்மையே. அங்கு வந்த நிறுவனங்களுள் ஒன்று, ஐரோப்பாவின் சிறு நாடுகளுள் ஒன்றாகிய ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் என்னும் மின்சுற்றுப் பலகை நிறுவனம். 2024-இல் அதன் ஆலை திறக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் குறைவான மக்கள் வாழும் அந்நாடு தன் குடிகளிடமும் தொழில்களிடமும் எவ்வாறு வரி வாங்குகிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

ஆஸ்திரியாவில் ஆண்டு வருமானத்தின் முதல் 13,000 யூரோவுக்குச் சற்றே கூடுதலான தொகைக்கு வரி இல்லை. அதன்மேல் 20 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறி 50-ஐத் தொடுகிறது; பத்து இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட பகுதிக்கு 55 விழுக்காடு. நிறுவனத்தின் இலாபத்துக்கு 2024 முதல் 23 விழுக்காடு. இவ்வளவோடு நின்றால் நம் 24 விழுக்காட்டைவிட அது குறைவே என்று நம்மூர் முதலாளி மகிழலாம். ஆனால் அங்குக் கதை அத்தோடு முடிவதில்லை. வரி போக எஞ்சிய இலாபத்தைப் பங்குதாரர் தம் கைக்கு எடுக்கும்போது, அதில் மேலும் இருபத்தேழரை விழுக்காடு பிடிக்கப்படுகிறது. நூறு யூரோ இலாபத்தில் முதலில் 23 போய், மிஞ்சிய 77-இல் 21-க்கு மேல் போகிறது. ஏறத்தாழ 44 யூரோ பொதுப்பெட்டிக்குச் சேர்கிறது.

இங்கோ, நூறு ரிங்கிட்டில் நிறுவனம் 24 கட்டுகிறது. ஒற்றையடுக்கு முறை 2008-இல் தொடங்கியபின் பங்காதாயம் பெறுபவர் கையில் வரி இல்லாமற்போயிற்று. 2025 வரியாண்டு முதல்தான் 100,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட தனியார் பங்காதாயத்துக்கு 2 விழுக்காடு விதிக்கப்பட்டுள்ளது. அதனையும் சேர்த்தால்கூட நூற்றுக்கு இருபத்தைந்தரையே ஆகிறது. இதில் 'முன்னோடித் தகுதி' பெற்ற தொழில்களுக்கு உள்ள சலுகை வேறு. 1958-இல் தொடங்கி, 1986-ஆம் ஆண்டின் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தால் விரிவடைந்த அம்முறையில், உயர்தொழில்நுட்ப நிறுவனத்தின் வருமானம் முழுவதற்கும் ஐந்தாண்டு விலக்களிக்க இடமுண்டு. ஆலை வராவிட்டால் வேலையேது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் 1947-இல் மன்றத்தில் 'முதல் ஓடிவிடும்' என்றவர்களின் பேரக்குரல் இதில் ஒலிப்பதை நான் கேளாதிருக்க முடியவில்லை. அன்று ஓடாத முதல் ரப்பர் விலையேற்றத்தில் இன்னும் கொழுத்தது.

ஆஸ்திரியாவைச் சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கமன்று. அங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு 20 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரி உண்டு. தொழிலாளியின் சம்பளத்தில் காப்புறுதிப் பிடித்தம் கனமானது. 2008-இல் மரபுரிமைச் சொத்து வரியை அவர்களும் நீக்கினர். நாம் 1991-இலேயே நீக்கிவிட்டோம். ஆனால் ஒன்று: அங்கே கூலியும் ஆதாயமும் ஒரே தராசில் இல்லையாயினும், ஒரே அறையிலாவது நிறுக்கப்படுகின்றன. நம் நாட்டில் 100,000 ரிங்கிட் அறவீட்டு வருமானமுள்ள ஒரு தலைமையாசிரியர் 9,400 ரிங்கிட் வரி கட்டுகிறார். அதே 100,000-ஐப் பங்காதாயமாகப் பெறுபவர் தம் கையிலிருந்து ஒரு காசும் கட்டுவதில்லை. நிறுவனம் முன்பே கட்டிவிட்டதே என்பது சட்டத்தின் விடை. தலைமையாசிரியரின் முப்பதாண்டு உழைப்புத் தேய்மானத்தை முன்பே கட்டியவர் யார் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை.

இவற்றையெல்லாம் தமிழில் எவர் எடுத்துரைத்தார்? வரிப்படிவம் மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. நம் இதழ்களில் சிறுகதைக்கும் கவிதைக்கும் இருக்கும் இடத்தில் பத்திலொரு பங்குகூட இத்தகைய கட்டுரைக்கு இல்லை. எழுதுவோர் இல்லையா, படிப்போர் இல்லையா? இரண்டும் அன்று. காசைப் பற்றி எழுதுவது இலக்கியத்துக்கு இழுக்கு என்னும் ஒரு போலி நாணம் நம்மைப் பிடித்திருக்கிறது. பிசிராந்தையாருக்கு அந்த நாணம் இருந்ததில்லை.

அறியாமையால் நேரும் இழப்பும் சிறிதன்று. அங்கீகாரம் பெற்ற நிதிக்கு வழங்கும் நன்கொடையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு இடம் தருகிறது. தோட்ட நிலத்தில் நின்று, பகுதி உதவியோடு காலந்தள்ளும் தமிழ்ப்பள்ளிகள் கெடாவில் பல. அப்பள்ளிகளின் கட்டட நிதிக்கு அத்தகைய அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்த வாரியங்கள் எத்தனை? தட்டேந்திக் கடைகடையாக ஏறி இறங்குகிறோம். கொடுப்பவருக்கு உள்ள சட்டச் சலுகையை எடுத்துச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. சம்பளக்காரர் பலர், மாதப் பிடித்தம் மிகுதியாகப் போயிருந்தும், ஏப்ரல் முடிவதற்குள் படிவம் கொடுத்து அதனைத் திரும்பப் பெறுவதில்லை. ஊழியர் சேமநிதி, பெற்றோர் மருத்துவம், நூல் வாங்கிய செலவு ஆகியவற்றுக்கெல்லாம் கழிவு உண்டு என்பதை அறியாமலே வாழ்கின்றனர். நூலுக்கு வரிக்கழிவு உண்டென்று அறியாத தமிழ் எழுத்தாளரையே நான் கண்டிருக்கிறேன்!

ஆதலின் தமிழாசிரிய அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை அந்தப் புறப்பாட்டை ஐந்தாம் படிவ மாணவர்க்கு நடத்தும்போது, கரும்பலகையின் ஒரு பாதியில் ஒரு கணக்கையும் எழுதுங்கள். மாதம் 1,700 ரிங்கிட் பெறும் தொழிலாளியின் ஆண்டு வருமானம் 20,400. தனியாள் கழிவு 9,000 போக எஞ்சுவது 11,400. முதல் 5,000-க்கு வரி இல்லை; மீதி 6,400-க்கு ஒரு விழுக்காடு, அதாவது 64 ரிங்கிட். 400 ரிங்கிட் தள்ளுபடியில் அதுவும் மறைகிறது. வருமான வரி சுழியம். மறுபாதியை வெறுமையாக விட்டு, மாணவர் தத்தம் வீட்டில் ஒரு மாதம் வாங்கிய பொருள்களின் ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எதெதில் எவ்வளவு வரி கலந்திருக்கிறது என்று அவர்களே தேடி, அந்தப் பாதியை நிரப்பட்டும்.